நாற்பதுக்குக் குறையாமல்

வெள்ளைப்பார்த் தீவிலிருந்து ஓர் ஆள் கப்பலேற வேண்டுமென்றால் அமலோற்பவத்தின் கையெழுத்து வேண்டும். தபாலுக்கு முத்திரை குத்துகிறவளும் அவள்தான், பிறப்பு இறப்பு எழுதுகிறவளும் அவள்தான், எவனாவது குடித்துவிட்டு அடுத்தவன் வேலியைப் பிடுங்கினால் போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் அதட்டுகிறவளும் அவள்தான். தீவைச் சொந்தம் கொண்டாடிய தலைநாட்டு அரசு அந்த ஐம்பது வயதுக்காரியின் தலையில் ஆறு பதவிகளைக் கட்டி வைத்திருந்தது. ஐந்தை அவள் சந்தோஷமாகவே பார்த்துவந்தாள். ஆறாவதுதான் வெளியேறும் அனுமதி. அந்தப் படிவங்களை இரண்டு வருஷமாக இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டியே வைத்திருந்தாள்.

அன்று காலை கப்பல் வந்து, தீவைச் சுற்றியிருந்த பவளப் பாருக்கு வெளியே நங்கூரம் போட்ட கொஞ்ச நேரத்தில் ஞானப்பூ அலுவலகத்துக்குள் நுழைந்தாள். தீவின் ஒரே நர்ஸ். அமலோற்பவத்தின் அண்ணன் பிச்சையின் பெண்டாட்டி. பிச்சை இறந்து மூன்று மாதம் ஆகிறது.

"பிரகாசிக்கு உதிரம் நிக்கல அமலு. விடியறதுக்குள்ள மூணு சேலை நனைஞ்சு போச்சு."

"ஏழு மாசந்தான ஆகுது மைனி?"

"ஏழுதான். நஞ்சுக்கொடி கீழ எறங்கி வாசல அடச்சிக்கிட்டு நிக்கி. வயித்தக் கீறித்தான் பிள்ளைய எடுக்கணும். நான் கீறுனா ரெண்டு உசுரும் போயிரும். கப்பல்ல டாக்டர் இருக்காரு, கீறுததுக்கு வசதி இருக்கு, ஏத்துததுக்கு ரத்தம் இருக்கு. கரையில அது ஒன்னும் நடக்காது. இன்னைக்கு ஏத்துனா பொழைப்பா. அடுத்த கப்பல் மூணு மாசம் கழிச்சு வந்து என்னத்துக்கு?"

"எத்தன மணிக்குக் கெளம்புதாவ?"

"நாலு மணிக்கு. கடல் பொங்குது, அதுக்கு மேல நிக்க மாட்டோம்னுட்டாவ."

அமலோற்பவம் ஜன்னல் வழியே படகுத்துறைப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு கம்பத்தில் பெரிய கறுப்பு மின்பலகை. அதில் சிவப்பு எழுத்தில் ஒரே ஓர் எண். நாற்பது.

இந்த நாற்பது விளங்க வேண்டுமானால் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தெற்கே, இந்துமாக்கடலில் வேறு எதுவுமே இல்லாத ஓர் இடத்தில் கிடக்கிறது வெள்ளைப்பார். மூன்று மைல் நீளம், முக்கால் மைல் அகலம். இருப்பதிலேயே உயரமான இடம் கல்லறைத் தோட்டம். அதுவும் இருபத்தாறு அடிதான். ஆறும் இல்லை, குளமும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன் தலைநாட்டுக் கம்பெனி ஒன்று நெல்லைக் கடற்கரையிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து, உரத்துக்காகப் பறவை எச்சம் வெட்ட இங்கே இறக்கிவிட்டது. எச்சம் தீர்ந்ததும் கொப்பரை காயவைத்தார்கள். கொப்பரை விலை விழுந்ததும் அழகழகாகத் தபால் தலை அச்சடித்து விற்றார்கள். உலகம் கடிதம் எழுதுவதை நிறுத்தியதும் சூரை மீன் பிடிக்க வரும் அந்நியக் கப்பல்களுக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். சட்டம், கொடி, ரூபாய் நோட்டு எல்லாம் எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருக்கும் தலைநாட்டுடையது. ஆளுநர் என்று ஒருவர் உண்டு. ஒரே ஒரு தடவை நேரில் வந்தார். படகில் வாந்தியெடுத்துவிட்டு, கரையில் கால் வைக்காமலே கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மற்றபடி தீவை ஆண்டது ஐந்து பேர் கொண்ட கவுன்சில்.

பிறகு தீவைச் சுற்றி இருநூறு மைல் கடலுக்கடியில் உலோகக் கட்டிகள் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து திடீரென்று பாசம் பொங்கி வழிந்தது. ஆனால் கடல் வழக்குகளைத் தீர்க்கும் உலக நீதிமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. மனிதர் வாழாத பாறைக்குக் கடல் சொந்தமில்லை. வாழ்வதென்றால் குறைந்தது நாற்பது பேர். முப்பது நாள் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே போனால் வெள்ளைப்பார் வெறும் பாறை. மிச்சமிருப்பவர்களைத் தலைநாட்டு முகாமுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அரசு சொல்லும் கணக்கை நம்ப முடியாது என்பதால் ஒரு இயந்திரத்தை வைத்தார்கள். தீவின் பாதைகளுக்கடியில் புதைத்த உணரிகள் காலடி அதிர்வைப் பிடிக்கும். வடக்கு முனையில் நட்ட கோபுரம் குரலைக் கேட்கும். ஒருவர் நடை இன்னொருவருக்கு வராது, ஆகவே ஏமாற்ற முடியாது. தீவுக்காரர்கள் அதற்கு எண்ணி என்று பெயர் வைத்தார்கள். அது எண்ணுவதைப் படகுத்துறைப் பலகை காட்டும்.

எண்ணி வந்த புதிதில் தீவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். படிப்புக்கும் வேலைக்கும் போனவர்கள் திரும்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பலகையில் நாற்பது விழுந்த அன்று அமலோற்பவம் படிவங்களை வைத்துப் பூட்டினாள்.

எட்டரை மணிக்குக் கோயில் மண்டபத்தில் கவுன்சில் கூடியது. தலைவர் தொம்மை நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் சிலுவைதான் பிரகாசியின் புருஷன். அவன் உட்காரவில்லை. பெண்டாட்டியைத் தூக்கிக் கட்டிலில் மாற்றிப் போட்டபோது பட்ட ரத்தம் அவன் சட்டையில் காய்ந்திருந்தது.

"அப்பா, பேசிக்கிட்டிருக்க நேரமில்ல. ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

தொம்மை மகனைப் பார்க்காமல் அமலோற்பவத்தைப் பார்த்துப் பேசினார்.

"பிச்சைக்கு நெஞ்சுவலி வந்தப்ப போன கப்பல்ல அனுப்பச் சொல்லி இதே எடத்துலதான கேட்டோம்? நீ என்ன சொன்ன? என் கூடப்பொறந்தவன்னு கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஊர்ல எவன நிறுத்த முடியும்னு சொன்ன. அவன் பதினோராம் நாள் செத்தான். அன்னைக்கு ஊரே உன்னக் கையெடுத்துக் கும்பிட்டுது. இப்ப என் மருமவளுன்ன ஒடனே நான் அனுப்புன்னு சொன்னா, ஞானப்பூ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"என் மொகத்த நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் ஞானப்பூ. "நீங்க அவள அனுப்புங்க."

 சொந்த அண்ணனை நிறுத்தியதை அமலோற்பவம் தன் வாழ்க்கையிலேயே நேர்மையான காரியம் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்காவிட்டால் தூங்க முடியாது. இப்போது அந்த நேர்மை பிரகாசியின் வாசலில் போய்க் குறுக்கே நின்றது.

"மாமா, நாம இப்பவே முப்பத்தொம்பதுதான்," என்றாள் மெல்ல.

மண்டபத்தில் எல்லோரும் ஒரு கணம் கதவைப் பார்த்தார்கள். தீவே அறிந்த ரகசியம் அது, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எச்சம் வெட்டிய காலத்தில் கம்பெனிக் கங்காணி ஞாயிற்றுக்கிழமை தோறும் மணியடித்துப் பேர் கூப்பிடுவான். பதில் சொன்ன ஆளுக்குத்தான் அந்த வார அரிசி. ஆகவே வீட்டில் ஒருவர் செத்தால், ஒரு வருஷம் வரைக்கும் அவர் பேருக்குச் சொந்தக்காரர் யாராவது "இருக்காவ" என்று குரல் கொடுத்து அரிசியை வாங்கிக்கொள்வார்கள். கங்காணி போனான், அரிசி போனது, வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேர் கூப்பிடும்போது, செத்தவர் பேருக்கு ஒரு வருஷம் வீட்டார் குரல் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த ஆத்துமா பசியோடு அலையும் என்பார்கள்.

பிச்சையைப் புதைத்த வாரம் ஊர் முழுக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்பது விழும், முப்பது நாள் ஓடும், தீவு முடிந்தது என்று பயந்து கிடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பேர் கூப்பிட்டபோது ஞானப்பூ அழுதுகொண்டே "இருக்காவ" என்றாள். பலகையில் நாற்பது அப்படியே நின்றது. அடுத்த ஞாயிறும் நின்றது. ஞானப்பூவின் குரலைக் கேட்டு எண்ணி ஏமாந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. அதிலிருந்து பிச்சையின் பேர் வரும்போது ஞானப்பூவோடு சேர்ந்து மொத்த ஊரும் கோபுரத்தைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது.

"அப்படின்னா பிரகாசி போனாலும் யாராவது குரல் குடுத்தா எண்ணி நாப்பதுன்னுதான காட்டும்?" என்று கவுன்சிலில் ஒருவர் கேட்டார். "சிலுவை குடுக்கட்டும்."

சிலுவையின் முகம் வெளுத்துப்போனது. உயிரோடிருப்பவர் பேருக்கு இன்னொருவர் குரல் கொடுப்பது தீவில் நடக்காத காரியம். அது அந்த ஆளைச் செத்தவர் வரிசையில் வைப்பது. சண்டையில்கூட அந்தச் சாபத்தை யாரும் வாயில் எடுப்பதில்லை.

"தாலி கட்டுனவன் அத எப்படிய்யா சொல்லுவேன்?" என்றான். "அவ அங்க கத்திக்குக் கீழ கெடப்பா, நான் இங்க அவளுக்குக் குரல் குடுக்கவா?"

"யாரும் குடுக்க மாட்டாக," என்றார் தொம்மை. "குடுக்கவும் கூடாது. அப்ப முப்பத்தொம்பதாக் கொறையும். கப்பல் வார மூணு மாசத்துக்குள்ள நம்மளப் பொறுக்கி எடுத்து முகாம்ல போட்டுருவான். ஒருத்திக்காக முப்பத்தெட்டு பேர் வீட்ட விட்டுருதா? போதாக்குறைக்கு இன்னைக்கு எண்ணியச் சோதிக்க ஆள் வேற வந்து எறங்கியிருக்கான்."

கை தூக்கச் சொன்னார். மூன்றுக்கு இரண்டு. அனுப்ப வேண்டாம். தொம்மையின் கைதான் மூன்றாவது. தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

சிலுவை வெளியே வந்து படிக்கல்லை எட்டி உதைத்துவிட்டு, பின்னால் வந்த அமலோற்பவத்திடம் திரும்பினான். "அத்தை, நான் பேப்பர் இல்லாமலே படகுல வச்சித் தள்ளிட்டுப் போகப்போறேன்."

"கேப்டன் ஏத்த மாட்டான்யா. தலைநாட்டு ஒப்புதல் எண் இல்லாம இந்தத் தீவுக்காரன் ஒருத்தனையும் ஏத்தக் கூடாதுன்னு அவனுக்குச் சட்டம்." அவள் அவன் தோளைப் பிடித்தாள். "உச்சி வரைக்கும் பொறு. நான் அந்த மெஷின்காரன்ட்டப் பேசிப் பாக்கேன்."

அவள் நினைத்தது இதுதான். இயந்திரத்தைத் திருத்த வந்தவனுக்கு அதை ஏமாற்றவும் தெரிந்திருக்கும். காலில் விழுந்தாவது ஒரு ஆளைக் கூட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

வடக்கு முனைக்குப் போகும் பாதையில் ஊர் ஒரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. வந்த ஆள் தலையை எண்ணிவிடக் கூடாது என்று யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரே ஆள் தொப்பியை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை குறுக்கே போனார். ஒருத்தி ஒரே குடத்தை நான்கு தடவை கொண்டுபோனாள். வேறொரு நாளாக இருந்தால் அமலோற்பவம் சிரித்திருப்பாள்.

கோபுரத்தின் அடியில் ஒருவர் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. பெயர் கோதண்டம், சென்னைக்காரர், இயந்திரக் கம்பெனி ஒப்பந்தத்தில் வந்தவர். தமிழ் பேசுகிற ஒரு ஊரை இவ்வளவு தூரத்தில் பார்த்த ஆச்சரியம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

"நீங்கதான் செக்ரட்டரி மேடமா? உக்காருங்க. ஊரே ஏன் இப்படி குறுக்கயும் நெடுக்கயும் ஓடிட்டிருக்கு?"

அமலோற்பவம் உட்காரவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை.

"ஒரு பிள்ளைத்தாச்சி சாகக் கெடக்கா. அவளக் கப்பல்ல ஏத்தணும். ஏத்துனா எண்ணி கொறைச்சுக் காட்டும். அவ திரும்பி வாரவரைக்கும் ஒரு ஆளக் கூட்டிக் காட்டுத மாதிரி நீங்க வச்சிக் குடுக்கணும். என்ன வேணும்னாலும் செய்யுதேன்."

கோதண்டம் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"எதைக் கூட்டச் சொல்றீங்க?"

"இந்த மெஷின."

"மேடம், உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நீங்க கவர்மென்ட் ஆளாச்சே." அவர் பெட்டியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒயர்கள் பச்சை பூத்து இற்றுக் கிடந்தன. நண்டு ஒன்று குடியிருந்தது. "உப்புக் காத்து தின்னுடுச்சு. இது கடைசியா எண்ணினது போன வருஷம் மார்ச்ல. பதினாறு மாசமா இது வெறும் தகரம்."

"பலகையில நம்பர் வருதே?"

"வரும். முன்னாடி நம்பர் இங்கேர்ந்து தலைநாட்டுக்குப் போயிட்டிருந்துது. இப்போ அங்கேர்ந்து இங்க வருது. கோர்ட்டுக்கு அவங்க என்ன குடுக்குறாங்களோ, அதுல ஒரு காப்பி உங்க பலகைக்கு."

"நாங்க முப்பது பேரா ஆனா?"

"நாப்பதுன்னு வரும்."

"ஒருத்தருமே இல்லன்னா?"

"அப்பவும் வரும்னுதான் நெனைக்கிறேன்."

"கோர்ட்டுலேருந்து யாரும் வந்து எண்ணிப் பாக்க மாட்டாகளா?"

"எட்டாயிரம் மைல் வந்தா? மெஷின் எண்ணுதுன்னு ஆனப்புறம் ஆளை யாருங்க எண்ணப் போறா?"

அமலோற்பவம் மணலில் உட்கார்ந்துவிட்டாள். போன வருஷம் மார்ச். பிச்சை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றது இந்த வருஷம் ஏப்ரல். "உனக்குச் சங்கடம்னா வேண்டாம் அமலு" என்று சொல்லிவிட்டு அவனாகவே திரும்பி நடந்தான். அவள் ஜன்னல் வழியே பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவன் முதுகைப் பார்க்க முடியாமல். எந்த எண்ணைக் காப்பாற்ற அவனை அனுப்பாமல் வைத்தாளோ அந்த எண்ணுக்கு அவன் தேவையே இல்லை. ஞானப்பூவின் குரலை எந்த இயந்திரமும் கேட்கவில்லை. அமலோற்பவம் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோதண்டம் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அழுகை அடங்கியபோது அவர் பெட்டியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"புதுசு வைக்கலியா?"

"கழட்டிட்டு மட்டும் வரச் சொன்னாங்க." அவர் அவளைப் பார்க்காமல் கயிற்றை இறுக்கினார். "மேடம், ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு வேணாம். இந்த மெஷின் சர்வீஸ் ஒப்பந்தத்துலதான் இந்தக் கப்பலே வந்துட்டிருந்துது. உங்க அரிசி, மருந்து எல்லாம் அதுல போனா போகட்டும்னு ஏத்தினது. அடுத்த கப்பல் எப்போன்னு கேப்டனைக் கேட்டேன். அப்படி ஒண்ணு அவர் அட்டவணையில இல்லையாம்."

அமலோற்பவம் எழுந்து ஊருக்குள் வரும்போது மணி பன்னிரண்டு. முதலில் அலுவலகத்து இரும்புப் பெட்டியைத் திறந்து மூன்று படிவம் எடுத்தாள். பிரகாசிக்கு ஒன்று, சிலுவைக்கு ஒன்று, வழியில் பார்த்துக்கொள்ள ஞானப்பூவுக்கு ஒன்று. பிரகாசியின் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "ஏழு மாதக் கர்ப்பிணி, அறுவை சிகிச்சை" என்று எழுதினாள். மூன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கணினி வழியே தலைநாட்டுக்கு அனுப்பினாள்.

பதில் வரப் பத்து நிமிடம் ஆனது. மூன்றுக்கும் ஒப்புதல் எண். ஒரு கேள்வி இல்லை, ஒரு விளக்கம் கேட்கவில்லை. ஏப்ரலில் அவள் அனுப்பியிருந்தால் அன்றைக்கும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அவள் அனுப்பவே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து எழுதிய அந்த ஒரு படிவத்தையும் இழுப்பறையில் போட்டுவிட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை என்பதுதான் இப்போது அவளை அறுத்தது.

பிரகாசியைக் கட்டிலோடு தூக்கிப் படகுத்துறைக்குக் கொண்டுவந்தபோது இரண்டு மணி. மொத்த ஊரும் அங்கே நின்றது. தொம்மை படகின் முன்னால் குறுக்கே நின்றார்.

"கவுன்சில் வேண்டாம்னு சொல்லியாச்சு அமலு. அதுவும் மூணு பேரா? முப்பத்தாறா ஆக்கப் போறியா நீ?"

"கையெழுத்து என்னுது மாமா. சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"உன் அண்ணனுக்கு இல்லாத சட்டம் இப்ப எங்கேருந்து வந்துது?"

கூட்டத்தில் யாரோ "கேளுங்க, கேளுங்க" என்றார்கள். ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு, "எங்க வீட்ட நாங்க எங்க கொண்டுட்டுப் போவோம்?" என்று அழுதாள். கட்டிலில் பிரகாசி கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஞானப்பூ அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு, "நேரமில்ல, நேரமில்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த இடத்திலேயே அமலோற்பவம் உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் கலவரம் ஆகும், படகு தாமதிக்கும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் நிஜம். ஞானப்பூ எதிரே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அமலோற்பவத்துக்குத் தைரியம் வரவில்லை.

"மாமா," என்று தொம்மையின் கையைப் பிடித்தாள். "உங்க பேரப்பிள்ள. கை தூக்குனப்ப உங்களுக்கு எப்படி இருந்துதுன்னு எனக்குத் தெரியும். என்னத் தவிர இந்த ஊர்ல வேற யாருக்கும் தெரியாது. வழி விடுங்க. அவ போகட்டும். எல்லாம் சொல்லுதேன்."

தொம்மை அவளையே பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. நகர்ந்து, கட்டிலின் ஒரு காலைத் தானே பிடித்துப் படகில் இறக்கினார்.

சிலுவை ஏறினான். ஞானப்பூ ஏறினாள். துடுப்புக்காரர்கள் கயிற்றை அவிழ்க்கப் போனபோது கூட்டம் முழுக்கப் பலகையை அண்ணாந்து பார்த்தது.

நாற்பது அணைந்தது. பலகை ஒரு நொடி கறுப்பாக நின்றது. பிறகு சிவப்பாக எழுந்தது.

நாற்பத்தொன்று.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒரு ஆள், "கூடிட்டு! ஒன்னு கூடிட்டு!" என்று கத்தினான். கூட்டம் பொங்கியது. தொப்பிகள் பறந்தன. சற்று முன் தலையில் அடித்துக்கொண்ட பெண் பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டாள். "எண்ணி நம்ம பக்கந்தான்! வயித்துப் பிள்ளையயும் சேத்து எண்ணிட்டு!" என்று யாரோ ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். தொம்மை சிலுவைக் குறி போட்டுக்கொண்டு முட்டி போட்டுவிட்டார்.

அமலோற்பவம் அசையாமல் நின்றாள். அவள் எழுதியனுப்பிய ஒரே வரி அது. ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்று பேர் போகிறார்கள் என்பதைத் தலைநாடு படிக்கக்கூட இல்லை; ஒரு பிறப்பைப் பதிந்துகொண்டது.

படகிலிருந்து ஞானப்பூ பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவள். மடியில் கிடந்த பிரகாசியின் வயிற்றில் கை வைத்தாள். பிள்ளை இன்னும் உள்ளேதான் இருந்தது. இந்தத் தீவில் அது ஒரு அடிகூட நடக்கவில்லை, ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. அவள் மெதுவாக முகத்தைத் திருப்பி அமலோற்பவத்தைப் பார்த்தாள்.

"அமலு. அது எண்ணல, இல்ல?"

கூட்டத்தின் இரைச்சலில் அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் கேட்டது. அமலோற்பவம் படியில் இறங்கி, தண்ணீரில் முழங்கால் வரை நின்று, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணல மைனி. போன வருஷம் மார்ச்லேயே செத்துப் போச்சு. நம்பர் தலைநாட்டுலேருந்து வருது. நாம இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான்."

ஞானப்பூ கணக்குப் பார்ப்பது அவள் கண்ணில் தெரிந்தது. மார்ச், ஏப்ரல், பதினோரு நாள், மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

"அவுக வந்து ஒன் வாசல்ல நின்னப்ப, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னைக்குத்தான் தெரியும். மாதா சத்தியமா தெரியாது மைனி."

அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. துடுப்புக்காரன், "போலாமா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சு செஞ்சிருந்தா ஒன்ன வெறுத்துட்டாவது போயிருப்பேன்," என்றாள் ஞானப்பூ. "இப்ப அதுக்கும் வழியில்ல."

அவள் பிரகாசியின் தலையைத் தூக்கித் தன் மடியில் சரியாக வைத்துக்கொண்டு, தள்ளச் சொல்லிக் கை காட்டினாள். அமலோற்பவம் விளிம்பை விட்டாள். படகு பாரின் வாயில் இரண்டு தடவை எழும்பி விழுந்து, வெளிக்கடலுக்குப் போய்விட்டது.

அவள் நனைந்த சேலையோடு மேலே ஏறி வந்தாள். ஊர் இன்னும் கூத்தாடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் பலகைக்குக் கீழே கைகோத்து ஆடினார்கள். இவர்களுடைய சந்தோஷத்தைக் கெடுக்கப்போகிறோமே என்று தயங்கி, சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். ஆனால் இது கடைசிக் கப்பல். இருக்கிறவர்கள் தெரிந்து இருக்க வேண்டும், போகிறவர்கள் தெரிந்து போக வேண்டும். யாரையும் இனி அவள் நிறுத்த மாட்டாள், யாரையும் தள்ளவும் மாட்டாள்.

"தொம்மை மாமா," என்றாள். "எந்திரிச்சு மணிய அடிங்க. எல்லாரும் உக்காரணும். ஒரு விஷயம் சொல்லணும்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லியேம்மா?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டே.

"இல்ல மாமா. அடிங்க."

அவர் மணிக்கயிற்றைப் பிடிக்கப் போனார். அமலோற்பவம் அலுவலகத்துக்குள் போய், மேசையை வெளியே இழுத்துப் போட்டு, இரும்புப் பெட்டியிலிருந்த படிவங்களை எடுத்து எண்ணினாள். கரையில் முப்பத்தாறு பேர் இருந்தார்கள். கப்பல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது. படிவம் பன்னிரண்டுதான் இருந்தது.